வதைபட்ட குதிரையைத் தேற்றி டிரசாஜ் பழக்க: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செவலைப் பெண்குதிரையை வாங்கினேன். பந்தயத்தில் ஓடி, பிறகு ஒரு சவாரிப் பள்ளியில் உழைத்து, கடைசியில் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தவள். வயது ஒன்பது. விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். கடைவாயில் ஆறாத புண். முதுகில் கை வைத்தால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருவாள். "திமிரு பிடிச்சது, நாலு போட்டா சரியாயிடும்" என்றார் விற்றவர். நான் சவாரி கற்ற இடத்திலும் அதையே சொல்லித் தந்திருந்ததால் நானும் பாதி நம்பினேன். முதல் மாதத்திலேயே சேணம் போட்டேன். மூன்றாம் நாள் கீழே விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது.

பந்தய லாயத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர், வேடிக்கை பார்ப்பவர்போல வந்து அவளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு வலிக்குதும்மா. திமிரு இல்ல." அதன் பிறகுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். அப்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

டிரசாஜ் என்பது குதிரை தன் உடலைத் தளர்வாகவும் சமநிலையிலும் வைத்துக்கொண்டு, மேலே இருப்பவரின் மெல்லிய சைகைக்கு நடக்கவும் திரும்பவும் நிற்கவும் கற்கும் பயிற்சி. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணி இதில் தங்கம் வென்ற பிறகு நம் பக்கமும் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். சரியாகச் செய்தால் அடிபட்ட குதிரைக்கு இது இயன்முறை மருத்துவம். தவறாகச் செய்தால் இதுவே வதை. ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் காலில் சவுக்கால் அடித்த காணொளி வெளியானதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார்; ஓராண்டுத் தடையும் பெற்றார். எனவே ஆசிரியரைத் தேடும்போது பதக்கத்தைப் பார்க்காதீர்கள், அவர் லாயத்துக் குதிரைகளின் கடைவாயைப் பாருங்கள்.

1. முதலில் பணக் கணக்கு

குதிரைக்கு நான் கொடுத்தது 25,000 ரூபாய். முதல் ஆண்டில் அதற்கு மேல் ஆனது 3,59,000 ரூபாய். சென்னைக்கு வெளியே ஒரு பண்ணையில் இடம், தீவனம், குதிரைக்காரர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 18,000. அதுவே ஆண்டுக்கு 2,16,000. மருத்துவரும் பரிசோதனைகளும் 38,000. பழைய சேணம் ஒன்று 35,000. எனக்கான வகுப்புகள் 32,000. வண்டி வாடகை 22,000. குளம்பு வெட்ட 12,000. பல் ராவ 4,000. உங்கள் ஊரில் தொகை மாறலாம். எந்தெந்த இனத்தில் செலவு வரும் என்பது மாறாது.

ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதன் பிறகு குதிரையைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பணம் தேடினால் மனம் இளகித் தவறு செய்வீர்கள். சொந்த இடத்தில் வைப்பதானால் குறைந்தது 12-க்கு 12 அடி கொட்டகையும், அவிழ்த்துவிட வேலி போட்ட வெளியும், துணைக்கு இன்னொரு குதிரையோ கழுதையோ வேண்டும். ஒற்றைக் குதிரை தேறுவது கடினம். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வாங்குவதா, புகார் கொடுப்பதா

கண்ணெதிரே ஒரு குதிரை வதைபடுவதைப் பார்த்ததும் பணத்தைக் கொடுத்து மீட்கத்தான் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். விற்றவர் அந்தப் பணத்தில் அடுத்த மாதமே இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து கட்டினார். அந்தக் குதிரையை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் போகும்.

காயமோ பட்டினியோ கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் புகார் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அடிப்பதையும், வேலைக்குத் தகுதியற்ற நிலையில் வேலை வாங்குவதையும், போதிய தீவனமும் தண்ணீரும் கொடுக்காமல் வைப்பதையும் குற்றமாக்குகிறது. 1965-இல் வந்த இழுவை, சுமை விலங்குகளுக்கான விதிகள் இன்னும் பயன்படும்: நாளுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை கூடாது, முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளம் கூடாது. இந்தக் கடைசி விதியைக் காவல் நிலையத்தில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.

தேதி தெரியும்படி படங்கள், இடம், நேரம், முடிந்தால் ஒரு கால்நடை மருத்துவரின் எழுத்து, இத்தனையோடும் காவல் நிலையத்துக்கும் மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். அபராதம் மிகச் சிறியது, அதை நம்பாதீர்கள். வழக்கு நடக்கும்போது குதிரையை உரிமையாளரிடமிருந்து எடுத்துப் பராமரிப்பில் வைக்க வழியிருக்கிறது என்பதுதான் இதில் பெரிய பயன்.

நீங்கள் வைத்துக்கொள்ள முடியாதபோது புகலிடங்களைக் கேளுங்கள். மசினகுடி அருகே மாவனல்லாவில் உள்ள காப்பகம் நீலகிரிப் பகுதியின் குதிரைகளையும் கழுதைகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. சொல்லாமல் கொள்ளாமல் குதிரையோடு போய் நிற்காதீர்கள். முன்பே பேசுங்கள்.

3. காகிதங்கள்

பந்தயத்தில் ஓடிய குதிரையென்றால் அதற்கு அடையாளப் புத்தகம் இருக்கும். உடலில் உள்ள வெள்ளைக் குறிகள், சுழிகள் படமாக வரையப்பட்டு, கழுத்தில் இட்ட மைக்ரோசிப் எண்ணோடு இருக்கும். அந்தப் புத்தகம் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்ற சொல்லை நம்பி ஏழு மாதம் அலைந்தேன்.

கேட்டு வாங்க வேண்டியவை: முந்தைய உரிமையாளர் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதம், அதில் அவரது அடையாள அட்டை நகல், இனிப் பந்தயத்தில் ஓட்டப்படாது என்ற வரி, அடையாளப் புத்தகம், தடுப்பூசிப் பதிவு. புத்தகத்தில் உள்ள படத்தைக் குதிரையின் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுழியாக ஒப்பிடுங்கள். மருத்துவரிடம் ஸ்கேனர் இருந்தால் சிப் எண்ணையும் பாருங்கள். வேறு குதிரையின் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது.

பயணத்துக்குத் தனிச் சான்று வேண்டும். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, தொற்றுநோய் இல்லை, பயணம் செய்யும் நிலையில் உள்ளது என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். வண்டியின் தளம் வழுக்காமல் இருக்கிறதா, பக்கச் சுவரில் மெத்தை இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். மாலையில் ஏற்றி இரவில் ஓட்டச் சொல்லுங்கள்.

4. ரத்தப் பரிசோதனை முடியும்வரை தனியே

கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். குதிரைக்கு வந்தது உறுதியானால் சிகிச்சை கிடையாது. சட்டப்படி அதைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். அரசு கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்து ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்புவார். எனக்கு முடிவு வர மூன்று வாரம் ஆனது. இதை வாங்குவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். குதிரைத் தொற்று ரத்தசோகைப் பரிசோதனையையும் அதே ரத்தத்தில் கேட்கலாம். ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணிக்கும் உள்ளூரிலேயே ரத்தப்பூச்சு பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

முடிவு வரும்வரை மற்றக் குதிரைகளோடு தொட்டி, வாளி, தூரிகை எதையும் பகிரக் கூடாது. ரணஜன்னி ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் பேசுங்கள். ரணஜன்னி குதிரையை எளிதில் பிடிக்கும், ஒரு சிறு ஆணி போதும்.

5. முதல் பத்து நாள் தீவனம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பட்டினி கிடந்த குதிரையைப் பாசத்தாலேயே கொன்றுவிட முடியும்.

எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்த்ததும் நம் கை கொள்ளுக்குத்தான் போகும். வேகவைத்த கொள்ளு, தவிடு, வெல்லம். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரசும் மக்னீசியமும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும். மூன்று முதல் ஐந்து நாளில் இதயம் நின்றுபோகலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் பரிந்துரைப்பது குதிரை மசால் என்ற தீவனப் பயிர். புரதமும் தேவையான தாதுக்களும் அதிகம், மாவுச்சத்து குறைவு.

அளவு இதுதான்: முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, உலர்ந்த குதிரை மசால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. இரவிலும் விடக் கூடாது, அலாரம் வைத்து எழுந்திருங்கள். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கூட்டி வேளையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆறாம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிலோ. பத்தாம் நாளுக்கு மேல் தின்னும் அளவுக்கு. உப்புக்கட்டியும் சுத்தமான தண்ணீரும் எப்போதும். தானியம் பல வாரம் வேண்டாம். எல்லாமே மருத்துவர் பார்வையில்.

கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து பச்சையாக வரும் குதிரை மசாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அரைக் கிலோ உலர் தீவனத்துக்குப் பச்சையில் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிட்டு முதல் இரண்டு நாள் நான் அவளை மறுபடி பட்டினி போட்டிருக்கிறேன்.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கு நல்லதல்ல. மாட்டுத்தீவனத்திலும் கோழித்தீவனத்திலும் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். அது குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்து குதிரையின் குடலை ஓடாமல் நிறுத்திவிடும். பண்ணையில் யாராவது அன்போடு தெளித்துவிடுவார்கள், எனவே கொட்டகைக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நேப்பியர் புல்லையும் தவிட்டையும் மட்டும் நம்பி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். புல்லின் ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும், தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்து எலும்பைக் கரைத்து முகத்தை வீங்கவைக்கும்.

எடை பார்க்கத் தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். செவலை வந்த அன்று சுற்றளவு 160, நீளம் 155: 334 கிலோ. எட்டாம் மாதம் 407.

6. வலி எங்கே என்று தேடுங்கள்

கடிக்கிறது, உதைக்கிறது, நின்றுவிடுகிறது என்றால் வலி இல்லை என்று உறுதியாகும்வரை அதைக் குணம் என்று சொல்லாதீர்கள். பிரிட்டன் மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 அடையாளங்களைப் பட்டியலிட்டார். காதை ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடக்குவது, வாயைப் பத்து விநாடிக்கு மேல் திறந்து வைப்பது, வாலை ஓயாமல் வீசுவது, தலையைச் சாய்ப்பது, நிலைகுத்திய பார்வை போன்றவை. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எங்கோ வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். விற்பவர் ஓட்டிக் காட்டும்போது கைப்பேசியில் எடுத்து, வீட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். செவலையின் பழைய காணொளியில் பதினொன்று எண்ணினேன்.

பல்: கடைவாய்ப்பல்லின் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழித்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ராவ வேண்டும்.

குளம்பு: பந்தயக் குதிரைகளுக்கு முன்குளம்பு நீண்டு குதிகால் தாழ்ந்திருப்பது வழக்கம். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டித் திருத்த வேண்டும். மேலிருந்து புதுக் குளம்பு முழுதாக இறங்க ஓராண்டு வரை ஆகும். லாடக்காரர் ஒரே நாளில் சரிசெய்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வயிறு: பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் உண்டு. சேண வாரை இறுக்கும்போது கடிக்க வருவது அதனால் இருக்கலாம்.

முதுகு: சேணத்தின் அளவு பொருந்தாவிட்டால் வலிக்கும். எடை கூடக்கூடப் பொருத்தம் மாறும் என்பதால் புதுச் சேணத்தை முதல் ஆறு மாதத்தில் வாங்காதீர்கள்.

வியர்வை: சென்னை போன்ற புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலைக்குப் பிறகு தோல் காய்ந்திருந்து மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிழல், தண்ணீர், மருத்துவர்.

7. தரையில் நின்று பழக்குவது

தேறத் தொடங்கியதும் ஏறத் தோன்றும். இன்னும் மூன்று நான்கு மாதம் பொறுங்கள்.

குதிரைக்கு நாம் கற்றுத்தருவது பெரும்பாலும் அழுத்தமும் விடுதலையும்தான். கயிற்றை லேசாக இழுக்கிறீர்கள். அது ஓரடி முன்வைக்கிறது. அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். தளர்ந்த நொடியைத்தான் அது பாடமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொடி தாமதித்தால் வேறெதையோ கற்றுக்கொள்ளும். வதைபட்ட குதிரை என்ன செய்தாலும் வலி நிற்காது என்று கற்றுவிட்டது. அதனால்தான் சில குதிரைகள் கல்லாகிப் போய் நிற்கின்றன. அதைச் சாந்தம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நட, நில், ஒரு அடி பின்வை, இவ்வளவுதான். சரியாகச் செய்தால் தட்டிக் கொடுப்பதைவிடப் பிடரி முடியும் இடத்தில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், அதனால் இதயத்துடிப்பு தணிவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். கையை உயர்த்தினாலே செவலை தலையைத் தூக்கி நடுங்குவாள். சவுக்கைத் தரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் தீவன வாளியை வைத்தேன். அதைத் தாண்டி வந்து வாளியில் வாய்வைக்க அவளுக்குப் பத்தொன்பது நாள் ஆனது.

8. உங்களை நீங்கள் திருத்திக்கொள்வது

வதைபட்ட குதிரைகளைப் போலவே வதைபட்ட சவாரிக்காரர்களும் உண்டு. மைதானத்தின் நடுவே நின்று கத்தும் ஆசிரியர், "உதை, இன்னும் உதை" என்ற கட்டளை, விழுந்தவுடன் அழுகையோடு மறுபடி ஏற்றிவிடுவது. அப்படிக் கற்றவர்களின் உடலில் பயம் இறுக்கமாகத் தங்கியிருக்கும்: முழங்கால் நெருக்கும், மூச்சு அடைக்கும், கை லகானைக் கைப்பிடிபோலப் பற்றிக்கொள்ளும். அந்த இறுக்கம் முழுதும் குதிரையின் வாயில் போய் விழுகிறது. எனக்குக் கழுத்துப்பட்டை எலும்பு கூடிய பிறகும் அங்கவடியில் கால் வைத்தாலே உள்ளங்கை வியர்த்தது.

உங்கள் குதிரையின் மீது இதைச் சரிசெய்யாதீர்கள். வயதான, அமைதியான வேறொரு குதிரையில், ஆசிரியர் நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்த, லகானும் அங்கவடியும் இல்லாமல் உட்காரப் பழகுங்கள். நான் நாற்பது வகுப்பு எடுத்தேன், வகுப்புக்கு 800 ரூபாய். முதல் பத்தில் நடை மட்டும். அடி எண்ணியபடி வாய்விட்டு மூச்சு விடச் சொன்னார் என் ஆசிரியர். மூச்சை வெளியே விட்டால் குதிரை நிற்பதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பத்து வருடம் லகானை இழுத்தே நிறுத்தியிருக்கிறேன்.

ஆசிரியரிடம் சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். பயமாக இருக்கிறது என்று மாணவர் சொல்லும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். தலைக்கவசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்; ஒருமுறை விழுந்து தலை அடிபட்டால் அதை மாற்றிவிட வேண்டும்.

9. மேலே ஏறும் நாள்

எடை கூடி, மருத்துவர் சரியென்று எழுதித் தந்து, சேணம் பொருந்தி, தரையில் நட நில் தெளிவான பிறகு. எங்களுக்கு அது ஒன்பதாம் மாதம். சேணத்தோடு சேர்த்து மேலே ஏறும் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. தேறிவரும் குதிரைக்கு நூற்றுக்குப் பதினைந்தே போதும். 400 கிலோ குதிரைக்கு 60 கிலோ.

மூக்குப்பட்டியை இறுக்காதீர்கள். மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும், பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் போட்டிகளில் இதற்கென அளவுகோல் வைத்தே சோதிக்கிறது.

பந்தயக் குதிரை லகானை இழுத்தால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகம் எடுக்கும். அதற்குப் பழக்கம் அப்படி. நம் கால் அதன் விலாவைத் தொடுவதும் அதற்குப் புதிது. எனவே காலும் கையும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. முன்னே போ என்றால் கால் மட்டும், நில் என்றால் மூச்சு, இருக்கை, கடைசியாக விரல்.

ஜெர்மானியப் பயிற்சிப் படிகளில் முதல் மூன்று தாளம், தளர்வு, கையோடு மெல்லிய தொடர்பு. உந்துதல், உடலை நேராக வைத்தல், எடையைப் பின்னங்கால்களுக்கு ஒடுக்குதல் எல்லாம் பிறகு. முதல் ஆண்டில் முதல் இரண்டு வந்தாலே நிறைவு கொள்ளுங்கள். தலையை மார்போடு மடக்கிக் காட்டும் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், விடிகாலை. முடிக்கும்போது லகானை நீளவிடுங்கள். கழுத்தைக் கீழே நீட்டி மூக்கால் ஊதினால் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

10. மாற்று ஏற்பாட்டுக் கடிதம்

சில குதிரைகள் சவாரிக்குத் திரும்பாது. குதிரை முப்பது ஆண்டு வரைகூட வாழும். உங்களுக்கு வேலை மாறினால், உடம்பு முடியாமல் போனால் யார் எடுத்துக்கொள்வார், மாதச் செலவை யார் தருவார், வேதனை தாங்காத நிலை வந்தால் முடிவெடுக்க எந்த மருத்துவருக்கு அதிகாரம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒப்புக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதை அடையாளப் புத்தகத்தோடு ஈரம் புகாத டப்பாவில் கொட்டகையிலேயே வையுங்கள். அதே டப்பாவின் மூடியில் இரண்டு மருத்துவர்களின் எண்ணும், ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 38.3 டிகிரிக்குள் என்பதும் எழுதியிருக்கட்டும். நாடி 60-ஐத் தாண்டினால், அல்லது தீவனத்தைத் தொடாமல் வயிற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு புரண்டால், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.